முழு சுத்து எடுத்தாச்சா? அலையோட சராசரி பத்தி வாசகர் கேள்விகள்

இந்த தடவை வந்த கேள்விகள்ல ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வந்திருக்கு. மேலயும் கீழயும் ஆடிட்டே இருக்குற ஒண்ணுக்கு சராசரி எப்படி எடுக்குறது, அங்க இண்டக்ரேஷன் எதுக்கு, எடுத்த நம்பர் எதுக்கு உதவும்? அதனால இந்த இதழ் பக்கம் முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன்.

கேள்வி: பிசிக்ஸ் புக்ல ஏசி கரண்ட்டோட சராசரி முழு சைக்கிளுக்கு பூஜ்யம்னு சொல்லிட்டு, பாதி சைக்கிளுக்கு 0.637னு ஒண்ணு, அப்புறம் ஆர்எம்எஸ் 0.707னு ஒண்ணு தர்றாங்க. ஒரே கரண்ட்டுக்கு எப்படி சார் மூணு சராசரி? பூஜ்யம்னா பல்பு எப்படி எரியுது? எழுதி மார்க் வாங்கிடுவேன், ஆனா புரியல.
(பிளஸ் டூ மாணவி, திண்டுக்கல்)

பதில்: புரியலன்னு எழுதி அனுப்புனியே, அதுவே நல்ல விஷயம்மா. இதை ஒரு தடவை நிதானமா பாத்துட்டா அப்புறம் மூணு நம்பரையும் ஞாபகம் வச்சுக்க வேண்டிய அவசியமே இல்ல, எப்ப வேணும்னாலும் நீயே கண்டுபிடிச்சுக்கலாம்.

சராசரின்னா நமக்குப் பழகினது அஞ்சு நம்பரைக் கூட்டி அஞ்சால வகுக்குறது. நொடிக்கு நொடி மாறுற கரண்ட்டுக்கு எத்தனை நம்பரைக் கூட்டுவ? நூறு இடத்துல அளந்து நூறால வகுக்கலாம், ஆயிரம் இடத்துல அளந்து ஆயிரத்தால வகுக்கலாம், இப்படி அளக்குற இடைவெளியைச் சுருக்கிக்கிட்டே போனா ஒரு கட்டத்துல அந்தக் கூட்டல் இண்டக்ரேஷன் ஆயிடும், வகுக்குற எண்ணிக்கை இருந்த இடத்துல மொத்த நேரம் வந்து உக்காந்துக்கும். அவ்வளவுதான் ஃபார்முலா. ஒரு பீரியடுக்கு, அதாவது ஒரு முழு சுத்துக்கு ஆகுற நேரத்துக்கு, இண்டக்ரேட் பண்ணு, பீரியடால வகு. வயல்ல மேட்டை வெட்டிப் பள்ளத்துல போட்டு பரம்படிச்சு சமம் பண்றப்ப மண்ணு கூடவும் கூடாது குறையவும் குறையாது, மட்டம் மட்டும் ஒண்ணாயிடும்ல, அந்த மட்டம்தான் சராசரி.

இப்ப சைன் அலைக்கு வா. சைனை இண்டக்ரேட் பண்ணா மைனஸ் காஸ். 0ல இருந்து 360 டிகிரி வரைக்கும் எடுத்தா ரெண்டு முனையிலயும் காஸ் 1, கழிச்சா பூஜ்யம், மேடு மொத்தமும் பள்ளத்தை ரொப்பிடுச்சு. முதல் மேடு மட்டும் எடுத்தா, அதாவது 0ல இருந்து 180 டிகிரி வரைக்கும், ஒரு முனையில காஸ் 1, இன்னொரு முனையில மைனஸ் 1, விடை 2. சைன் அலையோட ஒரு மேட்டுக்குக் கீழ இருக்குற பரப்பு சரியா 2, பின்னமும் இல்ல ரூட்டும் இல்ல, வளைஞ்சு வளைஞ்சு போற ஒரு கோட்டுக்குக் கீழ இப்படி ஒரு சுத்தமான முழு எண் உக்காந்திருக்கறது எனக்கு இன்னைக்கும் ஆச்சரியமாத்தான் இருக்கு. அந்த மேட்டோட அகலம் ரேடியன்ல பை, அதாவது 3.1416. ரெண்டை அதால வகுத்தா 0.637. உன் ரெண்டாவது நம்பர் வந்துடுச்சு.

நம்ம வீட்டு லைன்ல வச்சுப் பாரு. 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், ஒரு சுத்துக்கு 20 மில்லிசெகண்ட், உச்சம் 325 வோல்ட். 325ஐ 0.637ஆல பெருக்கினா 207. நாலு டையோடு (கரண்ட்டை ஒரு பக்கம் மட்டும் விடுற பாகம்) பிரிட்ஜ் போட்டு, பள்ளத்தையும் மேடா திருப்பிட்டு, கப்பாசிட்டர் எதுவும் வைக்காம லோடு மட்டும் குடுத்தா டிசி மீட்டர் காட்டுறது கிட்டத்தட்ட இதைத்தான், டையோடுல போற ஒண்ணு ஒண்ணரை வோல்ட் போக. பேட்டரிக்குள்ள எவ்வளவு சார்ஜ் ஏறுச்சு, முலாம் பூசுறப்ப எவ்வளவு உலோகம் படிஞ்சுது, இதெல்லாம் கரண்ட்டை நேரத்தோட அப்படியே கூட்டினா வர்ற கணக்கு, அங்க இந்தச் சராசரிதான் பேசும்.

பல்பு விஷயம் வேற. இழைக்கு கரண்ட் எந்தப் பக்கம் போகுதுன்னு கவலையே இல்ல, ரெண்டு பக்கம் போனாலும் சூடாகும், அந்தச் சூடு கரண்ட்டோட வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால முதல்ல வர்க்கம் எடுத்துட்டு அதோட சராசரி எடுக்கணும். இதுக்கு இண்டக்ரேஷன் கூட வேண்டாம், சைன் வர்க்கமும் காஸ் வர்க்கமும் கூட்டினா எப்பவும் 1, ரெண்டும் ஒரே உருவம்தான், ஒண்ணு கொஞ்சம் தள்ளி நிக்குது, அதனால முழு சுத்துக்கு ரெண்டோட சராசரியும் சமமாத்தான் இருக்கணும், ஆளுக்குப் பாதி. பாதியோட ரூட் 0.707, வர்க்கத்தோட சராசரிக்கு ரூட் எடுத்த இந்த நம்பர்தான் ஆர்எம்எஸ். உச்சம் 325ஐ அதால பெருக்கு, 230 வந்துடும். ஆக மூணு நம்பரும் மூணு தனித்தனி கேள்விக்குப் பதில், கரண்ட் ஒண்ணுதான்.

ஒரு இடத்துல மட்டும் ஜாக்கிரதை. ஒரே ஒரு டையோடு போட்டு பாதி அலையை வெட்டிட்டா, மேட்டோட பரப்பு 2தான், ஆனா வகுக்க வேண்டியது பையால இல்ல, அதோட ரெண்டு மடங்கால. வோல்டேஜ் இல்லாத அந்தப் பாதியிலயும் நேரம் ஓடிட்டுத்தான் இருக்கு. சராசரி 0.318, வீட்டு லைனுக்கு சுமார் 103 வோல்ட். பரீட்சையில நிறைய பிள்ளைங்க மார்க்கை விடுறது இங்கதான், இண்டக்ரேஷன் சரியா போட்டுட்டு கடைசி வகுத்தல்ல.

கேள்வி: சராசரி கண்டுபிடிக்க எங்க வகுப்புல ஒருத்தர் 0 டு 360 லிமிட் போடுறார், இன்னொருத்தர் மைனஸ் 180 டு பிளஸ் 180. எது சரி? எங்க ஆரம்பிக்கிறோம்ங்கறதைப் பொறுத்து விடை மாறாதா?
(டிப்ளமோ மாணவர், நாமக்கல்)

பதில்: மாறாது தம்பி, ரெண்டும் சரி. 20 மில்லிசெகண்ட் பீரியடுன்னு வச்சுக்கோ. ஆரம்பத்தை 3 மில்லிசெகண்ட் தள்ளினா இடது பக்கம் 0ல இருந்து 3 வரைக்கும் உள்ள துண்டு விட்டுப்போகும், வலது பக்கம் 20ல இருந்து 23 வரைக்கும் ஒரு துண்டு புதுசா சேரும். பீரியாடிக் ஃபங்ஷன்னாலே அந்த ரெண்டு துண்டும் அச்சு அசல் ஒண்ணு, போனதும் வந்ததும் சரியாப்போச்சு. கால்குலஸ் பாஷையில வேணும்னா, ஆரம்பப் புள்ளியை வேரியபிளா வச்சு டிஃபரன்ஷியேட் பண்ணு, முடிவுல உள்ள மதிப்பு மைனஸ் ஆரம்பத்துல உள்ள மதிப்பு வரும், ரெண்டும் சமம், பூஜ்யம். அதனால கணக்கு எங்க ஆரம்பிச்சா சுலபமோ அங்க ஆரம்பி. ஆட் ஃபங்ஷனா, அதாவது கோணத்தை மைனஸ் ஆக்கினா மதிப்பும் மைனஸ் ஆகுற சைன் மாதிரி ஒண்ணா இருந்தா, மைனஸ் 180ல இருந்து பிளஸ் 180 எடுத்தா ஒரு வரி கூட போட வேண்டாம், பார்த்த உடனே பூஜ்யம்.

ஆரம்பம் எங்க வேணும்னாலும் இருக்கட்டும், சுத்து மட்டும் முழுசா இருக்கணும். ஒரே ஒரு கால் சுத்து அதிகமாப் போச்சுன்னா என்ன ஆகும்னு போட்டுப் பாரு. சைனை 0ல ஆரம்பிச்சு ஒண்ணேகால் சுத்து எடுத்தா முழு சுத்து பூஜ்யம், அந்தக் கால் சுத்தோட பரப்பு 1 மட்டும் மிஞ்சும், மொத்த அகலத்தால வகுத்தா 0.127. பூஜ்யம் வர வேண்டிய இடத்துல உச்சத்துல 12.7 சதவீதம் வந்து நிக்குது, சின்ன தப்பு இல்ல. பத்தேகால் சுத்துக்கு இதே மிச்சம் 1.6 சதவீதமா குறையும், நூத்திக்கால் சுத்துக்கு 0.16 சதவீதம். முழு சுத்து எடுக்க முடியாதப்ப ரொம்ப நேரம் எடு, மிச்சம் தானா கரைஞ்சிடும்.

டிஜிட்டல் மல்டிமீட்டர் செய்யுறவங்க இதைத்தான் பயன்படுத்துறாங்க. டிசி அளக்குறப்ப சுத்தி இருக்குற லைன்ல இருந்து 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஒயர்ல ஏறிடும், அதை ஒழிக்க பெரிய ஃபில்டர் எல்லாம் போடாம, உள்ள வர்ற வோல்டேஜை 20 மில்லிசெகண்டோட முழு மடங்கு நேரத்துக்கு இண்டக்ரேட் பண்ணிடுவாங்க, இரைச்சலோட சராசரி பூஜ்யம், டிசி மட்டும் நிக்கும். 100 மில்லிசெகண்ட் வச்சா இன்னும் விசேஷம், நம்ம 50 ஹெர்ட்ஸுக்கு அது 5 சுத்து, அமெரிக்காவோட 60 ஹெர்ட்ஸுக்கு 6 சுத்து, ரெண்டு ஊருலயும் அதே மீட்டர் வேலை செய்யும். அலையைப் பத்தி நீ இன்னைக்குக் கேட்ட கேள்வி ஒரு கருவிக்குள்ள அப்படியே உக்காந்திருக்கு பாரு.

கேள்வி: எங்க வீட்டு இன்வெர்ட்டர் பியூர் சைன் வேவ் கிடையாது. கையில இருக்குற சின்ன மல்டிமீட்டர்ல அவுட்புட் பாத்தா 180 வோல்ட்தான் காட்டுது, அதே மீட்டர் ஈபி லைன்ல 230 சரியா காட்டுது. ஃபேன் ஓடுது, உர்ருனு சத்தம் மட்டும் வருது. போர்டு போச்சு மாத்தணும்ங்கறாங்க. மாத்தலாமா?
(குடும்பத் தலைவர், மதுரை)

பதில்: அவசரப்படாதீங்க சார். உங்க இன்வெர்ட்டரை நான் பாக்கல, ஆனா நீங்க சொல்ற அடையாளத்துக்கு இன்வெர்ட்டர் நல்லா இருக்கவே வாய்ப்பு அதிகம், 180ங்கறது மீட்டரோட கணக்கு.

விலை கம்மியான மல்டிமீட்டர் ஆர்எம்எஸ்ஸை நேரடியா அளக்குறது இல்ல. உள்ள வர்ற அலையை ரெக்டிஃபை பண்ணி, அதாவது மைனஸ் பக்கத்தையும் பிளஸ் ஆக்கி, அதோட சாதாரண சராசரியை எடுத்து, 1.11ஆல பெருக்கி ஸ்கிரீன்ல போடும். அந்த 1.11 எங்கிருந்து வருதுன்னா, சைன் அலைக்கு ஆர்எம்எஸ் 0.707, சராசரி 0.637, ஒண்ணை ஒண்ணால வகுத்தா 1.11. ஈபி லைன் சைன் அலை, அதனால அங்க மீட்டர் சொல்றது சரி. அலையோட உருவம் மாறிட்டா அந்த 1.11க்கு அர்த்தமே போயிடும்.

உங்க மாதிரி இன்வெர்ட்டர்ல அலை படிக்கட்டு மாதிரி வரும், கொஞ்ச நேரம் பிளஸ், கொஞ்ச நேரம் பூஜ்யம், கொஞ்ச நேரம் மைனஸ், மறுபடி பூஜ்யம். 20 மில்லிசெகண்ட் சுத்துல 5 மில்லிசெகண்ட் பிளஸ் 325 வோல்ட், 5 பூஜ்யம், 5 மைனஸ் 325, 5 பூஜ்யம்னு எடுத்துக்கோங்க. மொத்த நேரத்துல பாதி நேரம் வோல்டேஜ் இருக்கு, பாதி நேரம் இல்ல. வர்க்கத்தோட சராசரி 325 வர்க்கத்துல பாதி, ரூட் எடுத்தா 230. பல்பும் ஹீட்டரும் 230 வோல்ட்டுக்கு உண்டான வேலையைச் செய்யும். ஆனா ரெக்டிஃபை பண்ண சராசரி 325ல பாதி, அதாவது 162.5. மீட்டர் அதை 1.11ஆல பெருக்கும், 180. நீங்க பாத்த நம்பர் அதேதான்.

இதே மீட்டரை நடுவுல பூஜ்யமே இல்லாத முழு ஸ்கொயர் வேவ்ல வச்சா எதிர்ப்பக்கம் ஏமாத்தும். அங்க சராசரியும் ஆர்எம்எஸ்ஸும் ஒண்ணு, 230 வோல்ட் ஸ்கொயர் வேவுக்கு மீட்டர் 255 காட்டும்.

அதனால போர்டு மாத்த காசு குடுக்குறதுக்கு முன்னாடி, ட்ரூ ஆர்எம்எஸ்னு எழுதியிருக்குற மீட்டர் வச்சிருக்குற எலெக்ட்ரீஷியன் ஒருத்தரைக் கூப்பிட்டு அளக்கச் சொல்லுங்க, இன்வெர்ட்டரை நீங்களா திறக்க வேண்டாம். அவரை டிசி ரேஞ்சுலயும் ஒரு தடவை பாக்கச் சொல்லுங்க, அங்க பூஜ்யத்தை ஒட்டித்தான் வரணும். பிளஸ் மேடும் மைனஸ் பள்ளமும் சமமா இல்லாம சராசரி ஒரு பக்கம் சாய்ஞ்சா டிரான்ஸ்ஃபார்மர் கோர் அந்தப் பக்கமே காந்தமாகி கரண்ட் எகிறி சூடாகும், அது நிஜமாவே பாக்க வேண்டிய கோளாறு. ஃபேன் சத்தம் பெரும்பாலும் படிக்கட்டு அலையோட கூர்மையான ஓரத்தால வர்றது, அந்த வகை இன்வெர்ட்டர்ல அது இருக்கத்தான் செய்யும்.

கேள்வி: ஒரு நாளோட சராசரி வெப்பநிலைன்னு அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் கூட்டி ரெண்டால வகுக்குறாங்களே, அது இண்டக்ரேஷன்ல வர்ற சராசரியும் ஒண்ணா?
(பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்)

பதில்: ஒண்ணு இல்லைங்க டீச்சர், பக்கத்துல வரும். மேடும் பள்ளமும் ஒரே உருவமா இருந்தா மட்டும்தான் ரெண்டும் சேரும். மேல பாத்த ஒத்தை டையோடு அலையை எடுத்துக்கோங்க, உச்சம் 1, அடி 0, ரெண்டால வகுத்தா 0.5, உண்மையான சராசரி 0.318. வெப்பநிலை அவ்வளவு மோசமா விலகாது, ஆனா அது காலையில மளமளன்னு ஏறி மதியத்துக்கு அப்புறம் ராத்திரி முழுக்க மெதுவா இறங்குற வளைவு, சைன் அலை இல்ல. பழைய காலத்துல ஒரு நாளைக்கு ரெண்டு நம்பர்தான் கையில இருக்கும், அதை வச்சு நூறு வருஷக் கணக்கை ஒப்பிடணும்னா அந்த வழக்கத்தை விட முடியாது. பிள்ளைங்களுக்கு வகுப்புல செஞ்சு காட்டணும்னா மணிக்கு ஒரு தடவை 24 அளவு எடுத்து கூட்டி 24ஆல வகுங்க. பீரியாடிக் விஷயங்களுக்கு சம இடைவெளியில எடுத்த அளவு ஆச்சரியப்படுற அளவுக்கு நல்லா வேலை செய்யும். ஒரு சைன் அலையை சுத்துக்கு மூணே இடத்துல, 120 டிகிரி இடைவெளியில அளந்து கூட்டினா கூட பூஜ்யம் துல்லியமா வந்துடும், த்ரீ ஃபேஸ்ல மூணு லோடும் சமமா இருந்தா நியூட்ரல்ல கரண்ட் இல்லாமப் போறதுக்கும் அதுதான் காரணம்.

டையோடு அலை வானத்துலயும் இருக்கு. மார்ச், செப்டம்பர்ல பகலும் இரவும் சமமா வர்ற நாள்ல நிலநடுக்கோட்டுக்கு மேல, காத்து மண்டலத்துக்கு வெளியில விழுற வெயிலைப் பாத்தா, பகல்ல ஒரு சைன் மேடு, ராத்திரி பூஜ்யம். உச்சம் சதுர மீட்டருக்கு சுமார் 1361 வாட். அதை பையால வகுங்க, அந்த நாளோட சராசரி 433 வாட்.

கேள்வி: ஃபூரியர் சீரிஸ்ல முதல்ல ஏ நாட்டை ரெண்டால வகுத்து எழுதுறாங்களே, அந்த ரெண்டு எதுக்கு?
(இன்ஜினியரிங் மாணவர், கோவை)

பதில்: ஃபூரியர் சீரிஸ்னா ஒரு அலையை ஒரு நிலையான எண், அதோட பல சைன், காஸ் அலைகள்னு கூட்டலா உடைச்சு எழுதுறது, அந்த நிலையான எண்ணுக்குத்தான் ஏ நாட். சீரிஸ்ல வர்ற எல்லா சைனும் காஸும் முழு சுத்துல பூஜ்யமாப் போயிடும், அதனால முதல்ல நிக்குற அந்த உறுப்புதான் ஃபங்ஷனோட சராசரி. மத்த காஸ் உறுப்புகளுக்கு இண்டக்ரேட் பண்ணிட்டு அரை பீரியடால வகுப்போம், ஏன்னா காஸ் வர்க்கத்தோட சராசரி பாதி. அதே ஃபார்முலாவை ஏ நாட்டுக்கும் போட்டா சராசரியைப் போல ரெண்டு மடங்கு வரும், அதைச் சரிபண்ணத்தான் அந்த ரெண்டு. சில புத்தகம் ஏ நாட்டையே சராசரின்னு வச்சிடும், அங்க ரெண்டு இருக்காது. எந்தப் புத்தகம்னு பாத்துட்டு ஒரே முறையில போடுங்க, கலந்தா தப்பாயிடும். விடை வந்ததும் படத்தை ஒரு தடவை பாருங்க, சராசரி அலையோட உச்சத்துக்கும் அடிக்கும் நடுவுல இல்லேன்னா எங்கேயோ ரெண்டு தொலைஞ்சிருக்கு.

கேள்வி: ரயில்வே ஸ்டேஷன் மஞ்சள் போர்டுல சராசரி கடல் மட்டத்துல இருந்து இத்தனை மீட்டர்னு போட்டிருக்கும். கடல் நிமிஷத்துக்கு நிமிஷம் ஏறி இறங்குதே, அதுக்கு சராசரி எப்படி எடுத்தாங்க?
(ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், விருத்தாசலம்)

பதில்: இந்த இதழ்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி ஐயா உங்களோடது, ஏன்னா மேல சொன்ன "முழு சுத்து எடு" கிற விதி இங்க மாட்டிக்குது.

கரையில அடிக்குற அலை சில நொடி சுத்து. அதை இண்டக்ரேட் பண்ற வேலையை ஒரு குழாயே செஞ்சிடும், துறைமுகத்துல செங்குத்தா ஒரு குழாயை இறக்கி அடியில சின்ன ஓட்டை மட்டும் விட்டா, வெளியில அலை எவ்வளவு குதிச்சாலும் உள்ள தண்ணி அமைதியா நிக்கும், மெதுவா ஏறுறதும் இறங்குறதும் மட்டும் தெரியும். அந்த மெதுவான ஆட்டம் சந்திரனோடது, சுமார் 12 மணி 25 நிமிஷத்துக்கு ஒரு சுத்து. சூரியனோடது சரியா 12 மணி நேரம். ரெண்டும் சேர்ந்தும் விலகியும் போறதால அமாவாசை பௌர்ணமியை ஒட்டி ஏத்தம் பெருசாகும், அது கிட்டத்தட்ட 14.8 நாள் சுத்து. அதுக்கு மேல வருஷச் சுத்து, வடகிழக்கு பருவமழை சமயத்துல நம்ம கரையில கடல் மட்டம் கொஞ்சம் ஏறி நிக்கும். எல்லாத்துக்கும் மேல சந்திரனோட பாதை சாய்வு திரும்பி வர 18.6 வருஷம்.

இதுல எந்த ரெண்டு சுத்தும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு முழுசா அடங்காது, 12 மணி 25 நிமிஷத்தை ஒரு நாளுக்குள்ள எப்படி வச்சாலும் மிச்சம் விழும். அதனால மொத்தக் கடலுக்கும் சேர்த்து இதுதான் ஒரு பீரியடுன்னு ஒண்ணு கிடையாது. ஆனா நாமக்கல் தம்பிக்குச் சொன்னது இங்க கை கொடுக்குது, முழு சுத்து எடுக்க முடியாட்டி ரொம்ப நேரம் எடு. வேகமான சுத்து ஒரு மாசத்துலயே அம்பதுக்கு மேல வந்துடும், மிச்சம் மில்லிமீட்டர் அளவுக்கு இறங்கிடும். மெதுவான சுத்துக்குத்தான் பொறுமை வேணும். அதுக்காகத்தான் 19 வருஷம்ங்கற கணக்கு வந்தது, 18.6 வருஷச் சுத்தையும் கிட்டத்தட்ட முழுசா பிடிச்சிடும், 19 மழைக்காலம் 19 கோடைக்காலம்னு வருஷச் சுத்தும் பின்னமில்லாம முடியும். மணிக்கொரு அளவா அத்தனை வருஷத்தையும் கூட்டி எண்ணிக்கையால வகுத்தா அதுதான் இண்டக்ரேஷன், வேற மந்திரம் எதுவும் இல்ல.

நம்ம நாட்டுல சர்வே ஆஃப் இந்தியா 1909ல முடிச்ச முதல் மட்டக் கணக்குக்கு 9 இடத்துல எடுத்த கடல் மட்டச் சராசரியை ஆதாரமா வச்சாங்க, அதுல சென்னையும் நாகப்பட்டினமும் உண்டு. அங்கிருந்து ஊர் ஊரா மட்டம் பிடிச்சு உள்நாட்டுக்குக் கொண்டு வந்தாங்க. அதனால போர்டுல இருக்குற மீட்டர் கணக்கை எப்படிப் படிக்கணும்னா, இன்னைக்குக் கடற்கரையில நின்னு பாக்குற தண்ணியில இருந்து இல்ல, அப்படி ஒரு காலத்து அளவுகளை வச்சு நிலையா நிறுத்தின ஒரு மட்டத்துல இருந்துதான். கடலோட உண்மையான சராசரி அதுக்கப்புறம் உலகம் முழுக்க ஏறிட்டு வருது, ஆதார மட்டம் மட்டும் திரும்ப கணக்குப் போட்டு மாத்துற வரைக்கும் இருந்த இடத்துலயே நிக்கும்.